எலி கடிச்ச மூல

ஏன்டீ, உனக்கு வேற வேலயே இல்லியா? நான் சுக்கு தேடறதுக்கோசரம் டப்பாவத் தொறந்தேன். நீ வந்து பக்கத்துல குந்திகினு அது இன்னா கறுப்பா, இது இன்னா கறுப்பான்னு நோண்டற. கறுப்பா கீற எல்லாத்துக்கும் வெவரம் சொல்றதுன்னா மொதல்ல என் பல்லுலேர்ந்து ஆரம்பிக்கணும். உங்கம்மா கேட்டதில்ல, உங்க மாமன் கேட்டதில்ல, உனக்கு ஒண்டி இன்னாத்துக்கு? பரிச்சைல வருமா? வந்தா எனக்கும் சேத்து நாலு மார்க்கு வாங்கிகினு வா. நான் மூணாங்கிளாஸ்ல ரெண்டு வருசம் குந்தினவ. டீச்சரு என்ன உட மனசில்லாம வச்சிருந்தாங்கன்னு ஊர்ல சொல்லிகினு கீறேன், நீ காட்டிக் குடுக்காத.

அந்தக் கறுப்புத் தகட வைடீ கீழ. நடுவுல வெரல வைக்காம ஓரத்தப் புடி. அப்டித்தான். நக்காத. சிரிக்காத, நக்கின ஆளு ஒருத்தி கீறா, அத்தத்தான் சொல்ல வரேன்.

எனக்கு அப்ப பத்து வயசு. ஆவடில, டேங்கு பேக்டரி குவாட்டர்ஸ்ல கீறோம். வரிசையா ஊடு, எல்லாம் ஒரே மஞ்ச கலரு, வரிசைக்கு ஒரு கொழா. திருநெல்வேலிக்காரங்க, சேலத்துக்காரங்க, ஆர்க்காட்டு ஆளுங்க, எல்லாருக்கும் பாஷ வேற, கொழாச் சண்டைக்கு மட்டும் ஒரே பாஷ. எங்க நைனாவுக்கு பெயிண்ட் அடிக்கிற செக்சன்ல வேல. சங்கு ஊதினா போவாரு, சங்கு ஊதினா வருவாரு. ஒரு நாளைக்கி அவரு பேசற பேச்சையெல்லாம் ஒரு தீப்பொட்டில போட்டு மூடிடலாம். இருமலுதான் அண்டா கொள்ளாது.

அந்த இருமல் மேல எங்களுக்கு அது வரிக்கும் ஒரு பயமும் இல்ல. அவரு வந்துட்டாருன்னு தெரிஞ்சிக்கிற மணிச் சத்தம் மாதிரி அது. ஆனா மூணு ஊடு தள்ளி ஒரு மாமா இருந்தாரு. அவருக்கும் இப்டித்தான் இருமலு. ஒரு நாளு ஆஸ்பத்திரிலேர்ந்து பெரிய கவர்ல ஒரு கறுப்புத் தகட எடுத்துகினு வந்தாரு. வாசல்ல நின்னு வெளிச்சத்துல புடிச்சி எங்கம்மாவுக்கும் அடுத்தவங்களுக்கும் காட்டினாரு. உள்ள வெள்ள வெள்ளையா வெலா எலும்பு. டி.பி.ன்னு சொல்லிட்டாங்களாம். அவரு எதுக்குக் காட்டினாருன்னா, அய்யோ பாவம்னு நாலு வார்த்த சொல்லுவாங்கன்னு. மறுநாளே அவங்க ஊட்டுக் கொடத்தக் கொழாக்கிட்ட கடசில தள்ளி வச்சிட்டாங்க. அவரு பொண்ணு கூட பாண்டி ஆடறதுக்கு ஒருத்தியும் போவல, நானும்தான். அந்த மாமா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாரு, திரும்பி வரல. அப்பால அந்தக் குடும்பம் காலி பண்ணிகினு போச்சி. கட்டிலத் தூக்கி வண்டில வைக்க ஒரு ஆளு கை குடுக்கல. எங்கம்மா ஜன்னலு பின்னால நின்னு பாத்துச்சி. அத்தையும் நான் பாத்தேன்.

அது நடந்து ஒரு மாசம் கூட ஆவல. ஒரு நாளு மத்தியானம் கட்டிலுக்குக் கீழ நைனாவோட தகரப் பொட்டி பூட்டு இல்லாம கெடந்துச்சி. பூட்டு இல்லாத பொட்டியப் பாத்துட்டு சொம்மா போற வயசா அது? உள்ள தித்திப்பு ஏதாச்சும் இருக்கும்னு கைய உட்டேன். அடில ஒரு பழைய பேப்பரு மடிச்சி வச்சிருந்துச்சி. அதுக்குள்ள வழவழன்னு கறுப்பா ஒரு தகடு, என் கைய விடக் கொஞ்சம் பெருசு. ஏதோ புளிப்பு மிட்டாய்னு நெனச்சி நாக்க நீட்டி ஒரே நக்கு. ஒரு ருசியும் இல்ல. நாக்குல மட்டும் லேசா ஒட்டிச்சி. அப்பறம்தான் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன்.

மேல்பாதி பேப்பரோட ஒட்டிகினு கெடக்குது, பிய்க்க வரல. கீழ்ப்பாதில வெள்ள வெள்ளையா கோடு, வளஞ்சி வளஞ்சி, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. வெலா எலும்பு. அந்த மாமா காட்டினாரே, அதே வெலா எலும்பு. ஒரு மூலைல எலி கடிச்சாப்ல குட்டிக் குட்டிப் பள்ளம். அந்த எலி செத்துக் கெடக்குதான்னு கட்டிலுக்குக் கீழ குனிஞ்சி தேடினேன்னா பாத்துக்கோ.

எங்க நைனா சாவப் போறாரு. அது ஒண்ணு. அவரு டி.பி.ய நானும் நக்கிட்டேன். அது ரெண்டு. பத்து வயசுக்கு இது ரெண்டும் ரொம்ப ஜாஸ்திடீ. இருந்தாப்ல இருந்து இருமிப் பாப்பேன், வந்துடிச்சான்னு. இருமினா வரத்தானே செய்யும்? வந்துடிச்சின்னு அழுவேன். நைனா சோறு தின்னா அவரு நெஞ்சையே பாப்பேன், சட்டைக்கு மேலயே அந்தக் கோடெல்லாம் எனக்குத் தெரியும். ராவுல அவரு இருமலு நின்னாத்தான் பயம் ஜாஸ்தியாவும். அடுத்த இருமலு வர வரிக்கும் மூச்சப் புடிச்சிகினு கெடப்பேன். ஒரு தபா அவரு என்னக் கூப்பிட்டு, இன்னா புள்ள மூஞ்சி வாடிக் கீதுன்னு தலையத் தொட்டாரு. அன்னிக்கிப் பேச வேண்டிய பேச்செல்லாம் எனக்கே செலவு பண்ணிட்டாரு. நான் ஓடிப் போய் கக்கூஸ்ல ஒளிஞ்சிகினேன்.

இது வரிக்கும் என் வாயி மூடித்தான் இருந்துச்சி. மூணாவது நாளு பத்தாம் நம்பர் ஊட்டுப் பொண்ணு, என் கூட்டாளி, என் டம்ளர்ல தண்ணி குடிக்க வந்துச்சி. நான் புடுங்கிட்டேன். நல்லதுதான் பண்ணேன், அது சாவக் கூடாதுன்னு. ஏன்னு கேட்டுச்சி. எங்க நைனா பொட்டில எக்ஸ்ரே கீது, யாருகிட்டயும் சொல்லாதன்னேன். யாருகிட்டயும் சொல்லாதன்னு ஒரு பொண்ணுகிட்ட சொன்னா இன்னா ஆவும்? உனக்குத் தெரியாதா, நீயே அப்டித்தானே.

மறுநாள் காலைல எங்கம்மா கொழாவுக்குப் போச்சி. எங்க கொடம் மொதல்ல இருந்த எடத்துல இல்ல. வரிசைக்குக் கடசில, அந்த மாமா ஊட்டுக் கொடம் இருந்துச்சே, அதே எடத்துல கீது. யாரு தள்ளினதுன்னு எங்கம்மா கேட்டுச்சி. பத்தாம் நம்பரம்மா தண்ணியவே பாத்துகினு நின்னாங்களாம். எங்கம்மா வெறுங்கொடத்த எடுத்துகினு ஊட்டுக்கு வந்து என் மூஞ்சப் பாத்துச்சி. நான் அழ ஆரம்பிச்சிட்டேன், எல்லாத்தையும் கொட்டிட்டேன். நக்கினத மட்டும் சொல்லல.

எங்கம்மா பொட்டியத் தொறந்துச்சி. ஜன்னல் வெளிச்சத்துல அந்தத் தகடத் தூக்கிப் பாத்துச்சி. அப்டியே தரைல குந்திடிச்சி. எக்ஸ்ரே பெருசா இருக்குமே, இது சின்னதாக் கீதேன்னு நான் கேட்டேன். நெஞ்சுப் பக்கத்த மட்டும் வெட்டி எடுத்து ஒளிச்சி வச்சிருக்காருன்னு சொல்லிச்சி. நைனாவயே கேக்கலாமேன்னேன். மறைக்கிற மனுசன்கிட்ட எப்டிடீ கேக்கறதுன்னு சொல்லிச்சி. பேக்டரி ஆஸ்பத்திரிக்கிப் போனா பேரு எழுதுவாங்க, நைனாவோட பேக்டரி டிக்கெட் நம்பரு கேப்பாங்க. சாய்ந்தரத்துக்குள்ள குவாட்டர்ஸ் மொத்தமும் தெரிஞ்சிடும்.

அப்பத்தான் எங்கம்மாவுக்கு ஒரு ரோசன வந்துச்சி. எக்ஸ்ரேவும் பிலிமுதான், போட்டோவும் பிலிமுதான். போட்டோ புடிக்கிறவனுக்கு பிலிமப் பத்தித் தெரியாததா? ஆவடில வேணாம், பூந்தமல்லிக்கிப் போலாம், அங்க நம்மள யாருக்கும் தெரியாது. டாக்டருகிட்டப் போவ வேண்டிய சேதிய ஸ்டுடியோவுக்கு எடுத்துகினு போன மொத ஆளு எங்கம்மாவாத்தான் இருக்கும்.

நைனாவுக்கு சோறு கட்டி அனுப்பிச்சிட்டு பஸ் ஏறினோம். தகடு எங்கம்மா மடில, பேப்பரோட, ஒரு துண்டுல சுத்தி. வேற்காட்டுப் பக்கம் பஸ்ஸு போவறப்போ அம்மனுக்கு வேண்டிகினேன். நைனாவ உட்டுடும்மா, என் தலமுடி மொத்தமும் எடுத்துக்கோன்னு. அந்த மொட்ட இன்னும் அடிக்கல. இப்ப அம்மனே வேணாம்னுடும், இன்னா கீது இதுலன்னு.

பூந்தமல்லில பஸ்ஸு நிக்கிற எடத்துலேர்ந்து கொஞ்சம் நடந்தா ஒரு ஸ்டுடியோ. கண்ணாடில கல்யாண ஜோடிங்க, மொட்டக் கொழந்தைங்க. உள்ள ஒருத்தரு, மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டி மாட்டிகினு, சேர்ல குந்திகினு பேப்பர் படிச்சிகினு கீறாரு. பாப்பாவப் போட்டோ எடுக்கணுமான்னு கேட்டாரு. எங்கம்மா துண்ட அவிழ்த்து மேசை மேல வச்சிச்சி. தூரத்துச் சொந்தக்காரரு ஒருத்தருது, நோவு எந்த மட்டும் கீதுன்னு பாத்துச் சொல்லணும்னு சொல்லிச்சி. சொல்றப்பவே கண்ணுல தண்ணி வந்துடிச்சி. தூரத்துச் சொந்தத்துக்கு யாரு அப்டி அழுவா?

தகட எடுத்தாரு. வெளிச்சத்துல பாக்கல மொதல்ல. கண்ண மூடிகினு மூலையத் தடவினாரு, எலி கடிச்ச மூலைய. ஒரு வெரல நாக்குல தொட்டு ஈரம் பண்ணி தகட்டோட ஒரு பக்கம் வச்சாரு, வழுக்கிகினு போச்சி. திருப்பி அடுத்த பக்கம் வச்சாரு, ஒட்டிச்சி.

“எக்ஸ்ரேன்னா ரெண்டு பக்கமும் ஒட்டும்மா. அதுல ரெண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும். இது ஒரு பக்கம்தான் ஒட்டுது. இது போட்டோ நெகட்டிவ்.”

எங்கம்மா மறுபடியும் பாக்கச் சொல்லிச்சி. அவரு மறுபடியும் வெரல வச்சிக் காட்டினாரு. எங்கம்மா தானும் வெரல நனச்சி வச்சிப் பாத்துச்சி. அப்ப எலும்பு மாதிரி தெரியுதேன்னு கேட்டதுக்கு, கோடு போட்ட பொடவையா இருக்கும், நெகட்டிவ்ல கறுப்பு வெள்ளையாத் தெரியும், வெள்ள கறுப்பாத் தெரியும்னாரு. எங்கம்மா சிரிச்சிச்சி பாரு, கண்ணுல தண்ணியோட. நான் சந்தடில, அப்ப இத்த நக்கினா டி.பி. வராதான்னு கேட்டுட்டேன். எங்கம்மா சிரிச்சிகினே தலைல ஒரு குட்டு வச்சிச்சி. அந்தக் குட்டு மாதிரி ஒரு சொகம் நான் அப்பறம் கண்டதில்ல.

அதோட ஊட்டுக்கு வந்திருக்கலாம். ஆனா மேல்பாதில பேப்பரு ஒட்டிகினு கீதே. ஸ்டுடியோக்காரரு, கொஞ்சம் தண்ணில போட்டா வந்துடும், பாத்துட்டே போங்கன்னாரு. ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நெகட்டிவ அதுல மொதக்க உட்டாரு. பேப்பரு ஊறி, தோலு உரிஞ்சாப்ல தானா கழண்டு வந்துச்சி. அவரு அத்த ரெண்டு வெரலால தூக்கி ஜன்னலுக்கு நேரா புடிச்சாரு.

ரெண்டு பேரு. ஒரு பொம்பள சேர்ல குந்திகினு கீது. பக்கத்துல ஒரு ஆம்பள, சேர் மேல கைய வச்சிகினு. மூஞ்சி கரியாக் கீது, தலமுடி வெள்ள வெளேர்னு, கண்ணு முழி வெள்ளையா என்னயே பாக்குது. பல்லு கறுப்பு. ரெண்டு பேயிங்க ஜோடியா வந்து போட்டோ புடிச்சிகினாப்ல. நான் எங்கம்மா பொடவைக்குள்ள மூஞ்ச பொதச்சிகினேன். அப்பத்தான் கவனிச்சேன், எங்கம்மாவோட சிரிப்பு நின்னு போச்சி.

எங்க நைனா நின்னா ஒரு தோளு தூக்கிகினு நிப்பாரு, நீ பாத்திருக்க மாட்ட. அந்தப் பேயும் அப்டித்தான் நின்னுகினு இருந்துச்சி. இத்த நான் இப்ப சொல்றேன். அப்ப எனக்கு அது பேயி, அவ்ளோதான். எங்கம்மாவுக்கு அந்தத் தோளு போதும்.

எங்கம்மா ரொம்ப சின்னக் கொரல்ல கேட்டுச்சி.

“அண்ணே, இது எப்ப எடுத்ததுன்னு இதுல தெரியுமா?”

அவரு எங்கம்மா மூஞ்சப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. பரண் மேலேர்ந்து ஒரு பழைய நீல அட்டப்பொட்டிய எறக்கினாரு. அதுல ஸ்க்ரூ, ஆணி எல்லாம் போட்டு வச்சிருந்தாரு. கொட்டிட்டு, அடிலேர்ந்து ஒரு வெறும் பிலிமு, அதே அளவுல, எடுத்தாரு. என்னக் கூப்பிட்டு கண்ண மூடச் சொன்னாரு. ஒரு மூலையத் தடவச் சொன்னாரு. ஒரு பள்ளம், கொஞ்சம் எடம் உட்டு ரெண்டு பள்ளம். அப்பறம் எங்க தகட்டோட மூலையத் தடவச் சொன்னாரு. ஒரு பள்ளம், கொஞ்சம் எடம் உட்டு ரெண்டு பள்ளம். அப்பால வேற ஏதோ ஒண்ணக் குடுத்தாரு, அதுல ஒரே ஒரு அகலமான பள்ளம். மொத ரெண்டும் ஒரே எலி, மூணாவது வேற எலின்னேன்.

அது எலி இல்லியாம். பிலிமு கம்பெனிக்காரனே வெட்டறதாம். இருட்டு ரூம்ல வெளக்கு போட முடியாது, படிக்கவும் முடியாது. அதனால எந்தக் கம்பெனி பிலிமு, எந்த ரகம்னு வெரலால தெரிஞ்சிக்கறதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெட்டு. எனக்கு அப்பத் தோணிச்சி, இந்த மாதிரி மூணாங்கிளாஸ் புஸ்தகத்துலயும் ஓரத்துல வெட்டி உட்டிருந்தா நான் டீச்சராவே ஆயிருப்பேன். கம்பெனி பேரும் சொன்னாரு. அது அப்பவும் என் வாய்ல நொழயல, இப்ப பல்லு போயும் நொழயல.

அவரு எங்கம்மாகிட்ட, கல்யாணம் ஆயி எத்தினி வருசம்னு கேட்டாரு. பன்னண்டுன்னு சொல்லிச்சி. இந்த ரகம் கடைங்களுக்கு வரது நின்னே பதினாறு வருசம் ஆவுதுன்னாரு. எங்கம்மா லேசுல உடுமா? பழைய சரக்கு வச்சிருந்து அப்பறமா எடுத்திருந்தாங்கன்னான்னு கேட்டுச்சி. ரெண்டு வருசம் தாண்டினா மார்கழிப் பனி மூடினாப்ல ஆயிடும்மா, இது பளிச்சுன்னு கீது பாருங்கன்னாரு. அப்பறம் மேசையத் தொடச்சிகினே, யாரையும் பாக்காம சொன்னாரு.

“இது உங்களுக்கு முந்திம்மா. இப்ப நடக்கறது இல்ல.”

எங்கம்மா ரொம்ப நேரம் அந்த வெள்ளமுடிக்காரியப் பாத்துகினு இருந்துச்சி. அப்பால, இத்தக் கழுவிக் குடுங்க, அந்தப் பொண்ண மட்டும் வெட்டி போட்டோ போடுங்கன்னு சொல்லிச்சி. காயறதுக்கும், போட்டோ வரதுக்கும் மத்தியானம் ஆயிடிச்சி. பஸ்ஸுல எங்கம்மா மடில கீற துண்டயே பாத்துகினு வந்துச்சி. எக்ஸ்ரே இல்லன்னா சந்தோசமா இருக்கணுமே, ஏன் இப்டிக் கீதுன்னு எனக்கு மறுபடியும் பயம். போவறப்போ இருந்த பயத்துக்காச்சும் பேரு தெரியும், டி.பி.ன்னு. வரப்போ இருந்ததுக்குப் பேரே இல்ல.

சாய்ந்தரம் சங்கு ஊதிச்சி. நைனா இருமிகினே வந்தாரு. எங்கம்மா டீ கிளாஸ வச்சிச்சி, பக்கத்துல அந்தப் போட்டோவ வச்சிச்சி. கோடு போட்ட பொடவ, ரெண்டு பக்கமும் பூ, பெரிய கண்ணு. பேயி இல்ல, சின்னப் பொண்ணு. நைனா டீய எடுக்கல. ஆறிப் போயி ஆடை கட்டிச்சி. அடிக்கப் போறாரு, இல்ல எங்கம்மா கத்தப் போவுதுன்னு நான் கதவு மூலைல நின்னுகினு கீறேன். ரெண்டும் நடக்கல.

“பேறு காலத்துல போய்ட்டா. கொழந்தயும் தங்கல.”

அவ்ளோதான் சொன்னாரு. அப்பறம் ஒண்ணு ஒண்ணா வந்துச்சி. நைனாவோட அப்பாரு, அதான் எங்க தாத்தா, வேற பொண்ணு பாக்கணும்னு போட்டோவையெல்லாம் அடுப்புல போட்டுட்டாராம். நெகட்டிவ்ல யாரு மூஞ்சியும் தெரியாதுன்னு இத்த மட்டும் உட்டுட்டாராம். பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு எங்கம்மா ஊட்டுல ஒருத்தருக்கும் சொல்லல. யாரோ செத்துப் போன சொந்தக்காரப் பொண்ணுன்னு நான் நெனச்சிகினேன். எங்கம்மா கேட்டது ஒரே கேள்வி, அதுக்கு இன்னா வயசுன்னு. இருவதுன்னாரு. எங்கம்மா எழுந்து போயி அந்த டீயக் கொட்டிட்டு வேற டீ போட்டுச்சி.

அடுத்த வெள்ளிக்கெழம போட்டோவுக்கு சட்டம் போட்டு, மஞ்சா குங்குமம் வச்சி, பூ போட்டு, கூடத்துல நட்ட நடுவுல மாட்டிச்சி. ஒரு புதுப் பொடவையும் மின்னாடி வச்சிச்சி. மாட்டி முடிச்சிட்டு, எங்க கொடத்த எடுத்துகினு நேரா கொழாவுக்குப் போயி மொத எடத்துல டொக்குன்னு வச்சிச்சி. எக்ஸ்ரே பாக்கணும்னு ஆசயா கீறவங்க எல்லாம் ஊட்டுக்கு வாங்கன்னு சொல்லிச்சி.

வந்தாங்க. பத்தாம் நம்பரம்மாதான் மொதல்ல. ஈரக்கையத் தொடச்சிகினே உள்ள நொழஞ்சி செவுத்தப் பாத்தாங்க. நைனா அங்கியே கீழ குந்திகினு சாப்ட்டுகினு இருந்தாரு. எங்கம்மா சொல்லிச்சி, இது எங்கூடப் பொறந்த அக்கா, போட்டோவே இல்லாம இருந்துச்சி, அந்த நெகட்டிவக் கழுவத்தான் பூந்தமல்லிக்குப் போனோம்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தது நாலும் ஆம்பளைங்க. நான் வாயத் தொறந்தேன். எங்கம்மா என் கால் கட்ட வெரல நல்லா மிதிச்சிச்சி. பொய் சொன்னா நாக்கு அழுவிடும்னு என்ன மெரட்டற பொம்பள, குங்குமம் வச்ச படத்துக்கு மின்னாடியே பொய் சொல்லுதேன்னு எனக்கு ஒரே நடுக்கம்.

பத்தாம் நம்பரம்மா கிட்டப் போயி, கண்ணச் சுருக்கிகினு பாத்தாங்க. உன் சாடையே இல்லியேன்னாங்க. அதோட உடாம, சேர் மேல ஒரு கை தெரியுதே, நாலு வெரலு, அது யாருதுடின்னு கேட்டாங்க. ஸ்டுடியோக்காரரு எவ்ளோ வெட்டியும் அந்தக் கைய வெட்ட முடியல. நைனாவுக்கு சோறு பொறையேறி இருமலு வந்துடிச்சி. அவரு எதுக்கு அப்ப இருமினாருன்னும், எங்கம்மா ஏன் அவருக்குத் தண்ணி குடுத்துகினே சிரிச்சிச்சின்னும் எனக்கு ஒண்ணும் வெளங்கல. தண்ணிய அவரு கையில குடுத்துட்டு எங்கம்மா நிதானமா திரும்பிச்சி.

“அது அவ புருசன் கை. அவ போனதுக்கு அப்பறம் வேற ஒருத்தியக் கட்டிகினாரு. பரவால்ல, அவளும் நல்லவதான்னு சொல்லிக்கறாங்க.”